சூப்பர் டாப்-அப் மருத்துவக் காப்பீடு

ஏற்கெனவே உள்ள மருத்துவக் காப்பீட்டின் தொகை போதாதபோது அதற்கு மேல் ஆகும் செலவை ஏற்கும் பாலிசி.

செயல்படும் முறை: ‘டிடக்டிபிள்’ எனப்படும் வரம்பு வரை பழைய பாலிசியோ கைப்பணமோ ஈடுகட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, வரம்பு 5 லட்சம் ரூபாய். ஒரே ஆண்டில் 3 லட்சம், 4 லட்சம் என இரு பில்கள் என்று கொள்வோம். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியே பார்ப்பதால் எதுவும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 2 லட்சம் தரும்.

விற்பனை: முகவர்கள் ஐசி-38 தேர்வில் தேறியிருக்க வேண்டும். மும்பை வட்டாரத்தின் கல்யாண், செம்பூர் போன்ற பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் அலுவலகக் குழுக் காப்பீடு பணி ஓய்வோடு முடிந்துவிடுவது முகவரின் முதல் வாதம். மேலே சொன்ன இரு பில்களின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவது அடுத்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றைப் படிவத்தில் மறைத்தால் பின்னர் கிளைம் நிராகரிக்கப்படலாம். கமிஷனில் பங்கு தருவதாகச் சொல்லி ஆள் பிடிப்பதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது.

பாதுகாப்பு: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 36 மாதங்களைத் தாண்டக்கூடாது. பாலிசி கிடைத்த 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.