பாரூக் சாமுவேல் புளும்பெர்க்

பாரூக் சாமுவேல் புளும்பெர்க் (ஜூலை 28, 1925 – ஏப்ரல் 5, 2011) ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆவார். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) நோய்க்குக் காரணமான வைரசைக் கண்டறிந்தமைக்காக அறியப்படுகிறார். 1976 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை கார்ல்டன் கஜ்டுசெக்குடன் பகிர்ந்து கொண்டார். எனினும் இவர் கல்லீரல் நோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். குருதிப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே இவரது ஆய்வுப் பொருளாக இருந்தது.

வாழ்க்கைக் குறிப்பு

நியூயார்க்கில் பிறந்த புளும்பெர்க் யூனியன் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் தொடங்கி மருத்துவத்துக்கு மாறி, 1951 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது சுரிநாம் நாட்டின் மோயெங்கோவில் பணியாற்றினார். ஒரே நோய் வெவ்வேறு இனத்தாரை வெவ்வேறு அளவில் தாக்குவதை அங்கு கண்டார். பின்னர் ஆக்சுபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார் (1957).

ஆஸ்திரேலியா ஆன்டிஜென்

பலமுறை குருதி ஏற்றப்பட்டவரின் உடல், தன்னிடம் இல்லாத புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருக்கும் என்பது இவரது கருதுகோள். எனவே ஹீமோபிலியா (குருதி உறையாமை) போன்ற நோய் உடையவர்களின் சீரத்தைப் பல நாட்டவரின் சீரங்களுடன் கூழ்மத் தட்டில் வைத்துச் சோதித்தார். எதிர்ப்பொருளும் அதற்குரிய ஆன்டிஜெனும் சந்திக்குமிடத்தில் ஒரு கோடு தோன்றும். நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் சீரம், 24 சீரங்களில் ஒன்றே ஒன்றுடன் மட்டும் வினைபுரிந்தது. அது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. இவ்வாய்வில் உடன் பணியாற்றிய ஹார்வி ஆல்டர், பிற்காலத்தில் கல்லீரல் அழற்சி சி ஆய்வுக்காக 2020 இல் நோபல் பரிசு பெற்றார்.

நலமான அமெரிக்கர்களிடம் அரிதாக இருந்த இந்த ஆன்டிஜென், இரத்தப் புற்றுநோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே 1965 இல் வெளியான கட்டுரை இதனை இரத்தப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தியது. அது சரியான விளக்கமன்று. ஆனால் அடுத்த படிக்கு அதுவே இட்டுச் சென்றது. இரத்தப் புற்றுநோய்க்கு அதிகம் ஆளாகும் டவுன் நோய்க்கூட்டறிகுறி உடையவர்களைச் சோதித்தபோது, ஆன்டிஜென் இல்லாதிருந்த ஒருவரிடம் அது பின்னர் தோன்றியது. பிறவிப் பண்பாயின் இடையில் தோன்ற இயலாது. அவரை மீண்டும் சோதித்ததில் அவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. 1967 இல் ஆய்வகப் பணியாளர் ஒருவரும் நோயுற்று, அவரது குருதியிலும் ஆன்டிஜென் காணப்பட்டது. உண்மையில் அது வைரசின் மேற்பரப்புப் புரதமே. பலமுறை குருதி ஏற்றுக்கொண்ட நோயாளி அந்த வைரசை முன்னரே எதிர்கொண்டிருந்ததால் எதிர்ப்பொருளைப் பெற்றிருந்தார்.

பயன்கள்

தானமாகப் பெறப்படும் குருதியைச் சோதிக்கும் வழக்கம் இக்கண்டுபிடிப்பிலிருந்தே வளர்ந்தது. 1969 இல் புளும்பெர்க்கும் இர்விங் மில்மனும், நோயைச் சுமப்போரின் குருதியிலிருந்து மேற்பரப்புப் புரதத்தைப் பிரித்துத் தடுப்பூசி செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரினர். அத்தடுப்பூசி 1981 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாட்பட்ட தொற்று கல்லீரல் புற்றுநோய்க்கு இட்டுச் செல்வதால், இது ஒரு புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசியாகவும் அமைந்தது. 1984 இல் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி அளிக்கத் தொடங்கிய தைவானில், சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது.

கீழாநெல்லி ஆய்வு

தமிழகத்தில் மஞ்சட்காமாலைக்கு வழங்கப்படும் கீழாநெல்லியிலும் புளும்பெர்க் ஆர்வம் காட்டினார். சென்னையில் எஸ். பி. தியாகராஜன் உள்ளிட்டோருடன் இவர் இணைந்து 1988 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து ஆன்டிஜென் மறைந்ததாகவும், போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடமே அவ்வாறு நிகழ்ந்ததாகவும் கூறப்பட்டது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதி செய்யவில்லை.

பிற்காலம்

1989 முதல் 1994 வரை ஆக்சுபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவராகவும், பின்னர் நாசாவின் வானுயிரியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தார். கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நடந்த கூட்டமொன்றின்போது மாரடைப்பால் காலமானார். இவரது பிறந்த நாளான ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.