சைக்கிளில் வந்த போர்

படையின் பலம் பீரங்கியில் மட்டுமா இருக்கிறது? 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 55 நாட்களில் ஜோகூர் பாருவை எட்டியது. ஆயிரக்கணக்கான வீரர்கள் வந்தது சைக்கிளில்! பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்தார்கள். இவர்களோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் கிழிந்தால் வெறும் ‘ரிம்’மிலேயே ஓட்டினார்கள். பிரிட்டிஷ் படை சாலையையும் லாரியையும் நம்பி நின்றபோது, ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து பின்னால் வளைத்தார்கள்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, தேக்காவுக்கு அருகே ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; பலர் மறுத்துக் கைதிகளாகவே இருந்தார்கள். படையின் வேகத்தைப் பேசும் நாம், அதில் சிக்கியவர்களையும் பேச வேண்டாமா?