முருகைக்கல் வேலிகள்

குறிகட்டுவானிலிருந்து படகேறி மாவிலித்துறையில் இறங்கினால், நெடுந்தீவு முதலில் காட்டுவது அதன் வேலிகளை. முருகைக்கற்களை, அதாவது பவளக்கற்களை, சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள். கிட்டப் போய்ப் பாருங்கள்: சாம்பல் நிறக் கல்லில் நட்சத்திர நட்சத்திரமாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சிற்றுயிர் வாழ்ந்த வீடு.

போர்த்துக்கேயரும் 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் இதே கல்லைத்தான் நம்பினார்கள். நெடுந்தீவின் இடிந்த கோட்டை முருகைக்கல்லால் ஆனது. யாழ்ப்பாணக் கோட்டையிலும் அதுவே உண்டு. சூளையில் சுட்டால் சுண்ணாம்பும் ஆகும். தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆனது; நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயர் நிலைத்தே விட்டது.

வேலியில் வெளிறிய கல் அழகுதான். கடலுக்குள் அந்த வெண்மை நோயின் அடையாளம். நீர் அளவு மீறிச் சூடானால், முருகை தனக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும்.

1998-இல் எல் நினோவின் சூட்டில் இலங்கையின் பல முருகைப்பாறைகள் வெளிறி மடிந்தன. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை அதற்குப் பத்தாண்டு முன்பே, 1988-இல், சட்டம் தடுத்திருந்தது.