நேர்காணல் அறையும் கரிசற்காட்டு இளைஞரும்

குண்டாற்றங்கரைத் திருச்சுழியிலும், தறியொலி நிறைந்த அருப்புக்கோட்டையிலும் அரசுப் பணி என்பது பெருமைக்குரிய பதவி மட்டுமன்று. மானாவாரிப் பருத்தியும் கம்பும் வானத்தை நம்பியவை. கண்மாய் நிறையாத ஆண்டில் வீட்டில் உலை கொதிக்கச் செய்வது மாதம் தவறாது வரும் சம்பளமே. ஆகவே, அப்பணிக்கு ஆள் எடுத்த முறையின் வரலாறு இவ்வட்டாரத்தார்க்கு அயலான செய்தியாகாது.

சில குடும்பங்களே அலுவலகங்களைக் கைக்கொள்ளலாகாது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வருவாய் வாரியம் ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை ஏட்டளவில் நின்றது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் பின்னர் அதற்குத் திட்டவட்டமான கணக்கு அமைந்தது. 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1. மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னைப் பணித் தேர்வாணையம் 1929இல் தோன்றியதும் இக்காலத்தில்தான். 1947இல் கணக்கு 14 இடங்களாகத் திருத்தப்பட்டபோது முஸ்லிம்களின் பங்கு ஒன்றாகக் குறைந்தது. 1951இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் அம்முறையே வீழ்ந்தது; இடஒதுக்கீடு வேறு வடிவில் தொடர்ந்தது. அருப்புக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த எம்.ஜி.ஆர்., 1979இல் ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று பிற்படுத்தப்பட்டோர்க்கு வரம்பு விதித்து, 1980இல் அதனைக் கைவிட்டு, ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது நம் வட்டாரத்தார் அறிந்ததே.

இவையெல்லாம் அறையின் வாயில்வரை வந்த நியாயங்கள். கதவு சாத்தப்பட்டபின் உள்ளே நடப்பதை எந்தக் கணக்கும் எட்டிப்பார்க்கவில்லை. ஆணை இடத்தைப் பங்கிட்டது. மதிப்பெண்ணை இட்டவர் நேர்காண்போரே.

அந்தக் கதவைத் தட்டியது ஒரு காசுமீரத்து வழக்கு. சிறீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 150 மதிப்பெண்களுள் 50 நேர்காணலுக்குரியவை. ஒருவர்க்கு இரண்டு மூன்று மணித்துளிகளே ஒதுக்கினர் என்றும், பெற்றோர் யார், இருப்பிடம் எது என்பன போன்ற வினாக்களையே கேட்டனர் என்றும் மாணவர் முறையிட்டனர். தந்தையின் பெயரையும் ஊரையும் சொல்லும்போதே ஒருவனுடைய குலமும் சமயமும் வெளிப்பட்டுவிடும் நாட்டில், அது வெறும் அறிமுக வினாவென்று நாம் கொள்வதற்கில்லை. 1980இல் உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. உரையாடலை ஒலிப்பதிவு செய்தல் நன்று என்றும் கூறியது. தீர்ப்பின் இப்பகுதியே நமக்கு மிகவும் உகந்தது. பதிவு இருப்பின், தோற்றவன் எதனால் தோற்றான் என்று பின்னர்க் கேட்கவாவது இயலும்.

அது கல்லூரிச் சேர்க்கை பற்றியது. அரியானா அரசுப் பணித் தேர்வு வழக்கில் 1985இல், பொதுப் போட்டியாளர்க்கு நேர்காணல் 12.2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று நீதிமன்றம் வரையறுத்தது. 2016 சனவரி முதல் மைய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு நேர்காணலே நீக்கப்பட்டது. கீழ்நிலையில் நீங்கிய இடர் மேல்நிலையில் நீங்கவில்லை. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்களுள் 275 நேர்காணலுக்கே உரியன. ஆயின் அங்கே தமிழிலும் விடையிறுக்கலாம். திருச்சுழியிலிருந்து தில்லி செல்லும் இளைஞர், விண்ணப்பத்திலேயே அம்மொழியைத் தேர்ந்து குறிப்பிடல் வேண்டும்.