நோயாகக் கண்ட விதி: லொக் முதல் மில் வரை கருத்தியைபுக் கொள்கை

கருத்தியைபுக் கொள்கையை யோன் லொக்கின் பெயருடன் சேர்த்துக் கூறுவது மெய்யியல் மாணவரிடை வழக்கமாகிவிட்டது. ஆயின், மனித அறிவாற்றல் பற்றிய அவரது பெருநூல் 1689இல் முதன்முதலாக வெளிவந்தபோது அப்பொருள் பற்றிய அதிகாரம் அதில் இடம்பெறவில்லை. 1700ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. அதுவும் அறிவு எவ்வாறு தோன்றுகிறது என்பதை விளக்குதற்கன்று. அது எவ்வாறு கெடுகிறது என்பதைக் காட்டுதற்கே.

எண்ணங்கள் சிலவற்றிடையே இயல்பான தொடர்பு உண்டு. அதனைக் கண்டறிதல் பகுத்தறிவின் பணி. வேறு சில எண்ணங்களோ தற்செயலாலும் வழக்கத்தாலும் பிணைக்கப்பட்டுப் பின்னர் பிரிக்கவொண்ணாதனவாகின்றன என்றார் லொக். பணிப்பெண் கூறிய பேய்க்கதைகளால் இருளையும் பேயையும் பிரித்தெண்ண மாட்டாத குழந்தை அவர் காட்டும் ஓர் உதாரணம். பழைய பெட்டகமொன்று கிடந்த அறையில் நடனம் பயின்றமையால், அத்தகைய பெட்டகமின்றி ஆட இயலாதுபோன இளைஞன் மற்றொன்று. இதனை ஒருவகைப் பித்தென்றே அவர் கருதினார். மருத்துவம் பயின்றவராதலின் நோயாளரை நோக்கும் கண்கொண்டே மனத்தையும் நோக்கினார் போலும். ஆயினும் அவரது கவலை பெட்டகத்தோடு நிற்கவில்லை. சமயப் பிரிவினரிடையே நிலவிய தீராப் பகைக்கும் இத்தகைய பொருந்தாப் பிணைப்புகளே காரணமென அவர் கண்டார். அரசியற் சந்தேகத்துக்குள்ளாகி 1683இல் ஒல்லாந்துக்குத் தப்பிச் சென்ற ஒருவருக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையாக இருந்திராது.

லொக் நோயெனக் கண்டதை டேவிட் ஹியூம் மனத்தின் பொதுவிதியாக்கினார். 1739இல் வெளிவரத் தொடங்கிய தமது முதல் நூலில் ஒப்புமை, இட கால அண்மை, காரண காரியம் என்னும் மூன்றையும் எண்ணங்களை இணைக்கும் நியதிகளாக வகுத்து, பௌதிக உலகில் ஈர்ப்பு எத்தகையதோ மனவுலகில் இவ்விணைப்பும் அத்தகையதென்றார். ஓவியத்தைக் கண்டதும் அதிற் தீட்டப்பட்டவர் நினைவுக்கு வருகிறார். காயத்தை எண்ணியதும் வலியை எண்ணுகிறோம். இவ்வளவில் எவருக்கும் தடையில்லை. ஆனால், தீயைக் கண்டு வெம்மையை எதிர்பார்ப்பதும் பகுத்தறிவின் முடிபன்று, வழக்கத்தின் விளைவே என்று அவர் கூறியபோதுதான் இடர்ப்பாடு எழுந்தது. அவ்வாறாயின், பெட்டகத்தைத் தேடும் இளைஞனுக்கும் வெம்மையை எதிர்பார்க்கும் அறிஞனுக்கும் வேறுபாடு யாது?

ஹியூம் இதனை உணராதவரல்லர். காரண காரியங்களை மதிப்பிடுதற்கு எட்டு விதிகளை அதே நூலில் வகுத்தார். அவ்விதிகளும் அனுபவத்திற் பிறந்தவையே எனக் குறைகூறுவோர் உளர். அக்குறை ஹியூமைத் தாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கத்துக்கு வெளியே நிற்பதாக அவர் ஒருபோதும் உரிமை கோரியவரல்லர். பரந்த அனுபவத்தாற் சோதிக்கப்பட்ட வழக்கம், சோதிக்கப்படாத வழக்கத்தைத் திருத்துகிறது என்பதே அவர் நிலைப்பாடு.

1749இல் மருத்துவரான டேவிட் ஹாட்லி இவ்வியைபினை நரம்புகளின் அதிர்வுகளோடு பொருத்தினார். அதிர்வுக் கொள்கை நிலைக்கவில்லை. ஆனால், மனத்தை இயைபுகளால் உருவாக்கலாம் என்ற நம்பிக்கை நிலைத்தது. யேம்ஸ் மில் அதனைத் தம் மகன்மீதே பரீட்சித்தார் எனலாம். மூன்று வயதிற் கிரேக்கம் கற்கத் தொடங்கிய யோன் ஸ்டூவட் மில், இன்பவுணர்வைப் பொதுநன்மையோடு பிணைக்கும் நோக்குடன் வளர்க்கப்பட்டவர். 1826இல், தம் இலட்சியங்கள் யாவும் நிறைவேறினும் தாம் மகிழ்ச்சியடையப் போவதில்லையென அவர் உணர்ந்தார். புகழ், இகழ், பரிசு, தண்டனை என்பவற்றாற் கட்டப்பட்ட பிணைப்புகள் இயல்பானவையல்ல; பகுத்தாயும் பழக்கம் அவற்றைக் கரைத்துவிடும் என்று 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் விளக்குகிறார். லொக் இட்ட பழைய வேறுபாடே இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது.

எனினும், மில் கொள்கையைக் கைவிட்டாரல்லர். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து அவ்விரண்டையும் ஒவ்வாத நீராவது போல, எளிய எண்ணங்கள் கூடிப் புதிய இயல்புடைய எண்ணம் பிறக்கலாமென 1843இன் அளவையியல் நூலில் அதனைத் திருத்தினார். தந்தை 1829இல் எழுதிய உளநூலை, ஏனையோரின் குறிப்புகளோடு தம் குறிப்புகளையும் சேர்த்து, 1869இல் அவரே மறுபதிப்பித்தார்.