குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியும் உடலமைப்பும்: மண்ணூர், ஒரகடம் பகுதிப் பெற்றோருக்கு

கர்ப்பகாலத்தின் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படுகிறது. அதே நாளில் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் குழந்தையின் வளர்ச்சியைத் திருத்திய வயதைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

திருத்திய வயது

40 வாரங்களுக்கு எத்தனை வாரங்கள் முன்னதாகக் குழந்தை பிறந்ததோ, அவற்றை இப்போதைய வயதிலிருந்து கழியுங்கள். 32 வாரங்களில் பிறந்து 16 வாரங்கள் ஆன குழந்தையின் திருத்திய வயது 8 வாரங்கள். இரண்டு வயது வரை இவ்வாறே கணக்கிடப்படும். தடுப்பூசிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை பொதுவாகப் பிறந்த தேதியின்படியே போடப்படும்.

எடை மட்டும் போதாது

பிறந்த முதல் சில நாள்களில் எடை குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் எட்டுகின்றன. வீடு திரும்பியபின் தொடக்க மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை எடை கூடுவது நல்ல அறிகுறி. ஒரே எடைக்கருவியில், ஆடையின்றி, பால் கொடுப்பதற்கு முன் எடை பாருங்கள். தினமும் பார்த்துப் பதற்றமடைய வேண்டாம். வாரம் ஒருமுறை போதும்.

குறைமாதக் குழந்தைகள் பிரசவத்திற்குக் குறித்த நாளை எட்டும்போது, நிறைமாதக் குழந்தைகளைவிட அவர்களது உடலில் கொழுப்பின் விகிதம் கூடுதலாகவும், தசை போன்ற கொழுப்பற்ற திசுக்கள் குறைவாகவும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழுப்பை நேரடியாக அளக்கும் கருவிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. எனவே நீளமும் தலைச்சுற்றளவுமே நமக்குக் கிடைக்கும் சான்றுகள். எடை ஏறியும் இவ்விரண்டும் ஏறாவிடில் மருத்துவரிடம் கேளுங்கள். கன்னம் உப்ப வேண்டும் என்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீர், பசும்பால், பிஸ்கட் கரைசல் எதையும் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலுடன் சேர்க்கும் ஊட்டப்பொடியும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தரப்பட வேண்டும்.

தோலோடு தோல் படும்படி குழந்தையை மார்பில் அணைத்திருக்கும் கங்காரு பராமரிப்பை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குக் குறையாமல் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ செய்யலாம்.

பணிக்குச் செல்லும் தாய்மார்கள்

முதல் இரு குழந்தைகளுக்குச் சட்டப்படியான மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள். குழந்தை முன்னதாகப் பிறந்துவிட்டால், பிரசவத்திற்கு முன் எடுக்காமல் விட்ட வாரங்களைப் பின்னர் எடுக்கலாம். குறைமாதப் பிறப்பினால் தாய்க்கு நோய் ஏற்பட்டால், மருத்துவச் சான்றுடன் மேலும் ஒரு மாதம் வரை விடுப்புக் கோரலாம். பலர் இதை அறியாமலேயே ஷிப்டுக்குத் திரும்பிவிடுகின்றனர்.

தாய்வீட்டிற்கோ வேறு மாவட்டத்திற்கோ செல்லும்போது வளர்ச்சி அட்டையையும் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். முந்தைய அளவுகள் இல்லையேல், அங்குள்ள செவிலியருக்கு இன்றைய எடை வெறும் எண்ணாகவே இருக்கும்.

உடனே மருத்துவமனைக்கு

பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிட்டுப் போதல், மூச்சுத் திணறல் அல்லது மூச்சு விட்டு விட்டு வருதல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒரு வாரம் முழுவதும் எடை கூடவில்லை என்றாலும், தலைச்சுற்றளவு வாரத்திற்கு ஒரு செ.மீ.க்கு மேல் கூடினாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிப்போடாமல் குழந்தையைக் காட்டுங்கள்.