கொழும்புத்துறையிலிருந்து கோட்டை வரை

ஐரோப்பாவுக்குச் செல்லும் நம்மவர் பலர், அங்குள்ள பழம்பெரு நகரங்களை நடந்தே பார்க்க விரும்புகின்றனர். தமக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, லிஸ்பன் நகரத்து மேட்டுத் தெருக்களிலும் டெல்வ்ற் நகரத்து வாய்க்காற் கரைகளிலும் உலாவுகின்றனர். இந்தச் சுவர் இன்ன நூற்றாண்டினது, இந்த மணி இன்ன போருக்குப் பின் வார்க்கப்பட்டது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வியந்து, கூலியுங் கொடுத்து மீளுகின்றனர். நல்ல காரியமே. ஆயினும் போர்த்துக்கேயர் கோலி, ஒல்லாந்தர் திருத்தி, ஆங்கிலேயர் குடியிருந்த ஐரோப்பிய நகரம் ஒன்று நம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. அதனை அவ்வாறு நடந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

பார்க்க வருவோர் இல்லையென்பதன்று. வருகின்றனர், பண்ணைப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகின்றனர், வாயிலாற் புகுந்து கொத்தளத்தில் ஏறுகின்றனர், படம் பிடித்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகின்றனர். கோட்டை ஒல்லாந்தர் கட்டியது என்ற ஒரு செய்தியே அவர்கள் கொண்டு செல்வது. நேயர்களே, இது ஒரு நூலைக் கடைசி ஏட்டிலிருந்து படிப்பதை ஒக்கும். இந்நகரத்தைப் பார்க்க விரும்புபவர் கிழக்கே கொழும்புத்துறையில் நடையைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை நடந்துகொண்டே சொல்லுகிறேன்.

கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று தெற்கே நோக்கினால், கடனீரேரிக்கு அப்பாற் பூநகரிக் கரை மங்கலாகத் தோன்றும். பெருநிலப் பரப்பிலிருந்து குடாநாட்டுக்கு வருவோர் பன்னெடுங்காலம் தோணியேறிக் கடந்த நீர் இது. வன்னி நெல்லும் மரமும் வந்த வழியும் இதுவே. 1619ஆம் ஆண்டில் பிலிப்பு தெ ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாண அரசை முடிக்கப் படையோடு புறப்பட்டபோது, பூநகரியிலிருந்தே குடாநாட்டை நோக்கினான். சங்கிலி மன்னன் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொலையுண்டான். 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரிப் பயணம் வண்டிப் பயணமாயிற்று. துறை மீனவர்க்கு உரியதாய் அமைதியுற்றிருக்கிறது.

துறையை விட்டு ஊருக்குள் நடந்தால் ஒழுங்கைகள் தொடங்கும். யாழ்ப்பாணத்து ஒழுங்கை நேரே ஓடுவதில்லை. ஒருவர் வேலியைச் சுற்றி வளைந்து, ஒரு கோயிற் கேணியைத் தொட்டு, மறுபடி வளைந்து, வேறோர் ஒழுங்கையில் முடியும். வீடு தெருவைப் பார்ப்பதில்லை. பனையோலை வேலிக்கும் சங்கடப்படலைக்கும் பின்னால், முற்றத்தைப் பார்த்தபடி தன்னுள் அடங்கி இருக்கும். மதிலும் இரும்புக் கதவும் வேலியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்நாளிலும், வளைவு மாறவில்லை. இந்த வளைவை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வூரில்தான் யோகர் சுவாமிகள் ஒரு சிறு குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1964இற் சமாதியடைந்தார். இலங்கைக்கு அரசியல் யாப்பு வகுக்க வந்த சோல்பரிப் பிரபுவின் மகன், அவரிடம் சீடராகிச் சந்தசுவாமிகள் எனப் பெயர் பெற்றார். பீரங்கியோடு வந்த ஐரோப்பியரைப் பற்றிப் பேசப் போகும் நாம், கைகட்டி வந்த ஓர் ஐரோப்பியரையும் ஒருகணம் நினைத்துச் செல்வது தகும்.

பாசையூரிலும் குருநகரிலும் வலைகள் உலரும். கடற்கரை மக்களிடையே கத்தோலிக்க சமயம் வேரூன்றியது போர்த்துக்கேயர் காலத்தில். ஒல்லாந்தர் அச்சமயத்தை ஒறுத்து, குருமாரைத் துரத்தி, கோயில்களைத் தம் சபைக்கு ஆக்கிக்கொண்ட நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்திலும், அது இக்கரையில் அழியாது நின்றது. சுண்டுக்குழியிற் பழைய பூங்காவின் மரங்கள் கண்ணிற்படும். 1829 தொடக்கம் 1867 வரை வடபகுதியை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் என்பவர் இருந்த வளவு அது. அவரை வடக்கின் இராசா என்றே அக்காலத்தார் சொன்னார்கள். அங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

சுண்டுக்குழியைக் கடந்து பிரதான வீதியில் மேற்கே திரும்பும்போது, ஒரு மாற்றம் நிகழும். வழிகாட்டி வாயைத் திறக்க வேண்டாம், காலே உணரும். வளைந்து வளைந்து வந்த வழி நிமிர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை தெரு நேராய்க் கோட்டையை நோக்கி ஓடுகிறது. அதனை முதலாம், இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல வெட்டுகின்றன. இதுவே ஐரோப்பிய நகரம். இதன் எல்லையிற் கதவில்லை, கல்லில்லை. வளைவு எங்கே முடிகிறதோ அங்கே அது தொடங்குகிறது. கோட்டை வாயிலிற் பயணத்தைத் தொடங்குபவர் ஒருபோதும் அறியாத செய்தி இது.

நல்லூரில் இருந்த தலைநகரைக் கைவிட்டுக் கடனீரேரிக் கரையிலே புதிய நகரை அமைத்தவன் ஒலிவேறாவே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவன் இடிப்பித்தான். அதன் கற்களே கோட்டைக்குச் சென்றன என்பது தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்தார் சொல்லிவரும் செய்தி. கோட்டைக்குக் கிழக்கே துறவிகளின் மடங்களும் போர்த்துக்கேயர் வீடுகளும் எழுந்தன. பின்னர் ஒல்லாந்தரும் அவர்வழிப் பறங்கியரும் அங்கே வாழ்ந்தனர். பறங்கித் தெரு என்ற பெயர் அவ்வாறு வந்தது.

அத்தெருவில் எஞ்சியுள்ள பழைய வீடொன்றின் முன் சற்றே நில்லுங்கள். நம் வீட்டுக்கு நேர்மாறான வீடு அது. வேலியுமில்லை, படலையுமில்லை, தெருவின் விளிம்பிலேயே சுவர் எழுகிறது. பருத்த தூண்களின்மேல் ஓட்டுக் கூரை இறங்கி, நீண்ட விறாந்தையை மூடுகிறது. மாலையில் வீட்டார் அங்கே கதிரை போட்டிருந்து, போவோர் வருவோரைப் பார்ப்பார்கள். முற்றமோ பின்னால் ஒளிந்திருக்கும். நாம் தெருவுக்கு முதுகு காட்டி முற்றத்தைப் பார்த்தோம். அவர்கள் முற்றத்துக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்தார்கள். இரண்டு வாழ்க்கை முறைகளை இதைவிடத் தெளிவாக எந்த நூலுங் காட்டாது.

வந்தவர் போய்விட்டனர், அவர்தம் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, சாவி, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்தவை. கந்தோர், லாச்சி, கக்கூசு, துட்டு ஆகியன ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. காலையிற் பாண் தின்று, சப்பாத்து மாட்டி, கந்தோருக்குப் புறப்படும் யாழ்ப்பாணத்தார் ஒருவர், தூய தமிழே பேசுவதாக எண்ணிக்கொள்கிறார். எண்ணட்டும், நானூறு ஆண்டு ஆன சொல் நம் சொல்லே.

தெரு முடியுமிடத்தில் வெளி விரிகிறது. முற்றவெளி என்று நாம் அழைக்கும் இவ்வெளி, காற்று வாங்குவதற்காக எவரும் விட்ட வெளியன்று. கோட்டைப் பீரங்கிக்கு முன் எதிரி மறைந்து நிற்க ஒரு சுவரோ மரமோ இருக்கலாகாது என்பதற்காக விடப்பட்ட வெளி. வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு வருகையின் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் இங்கே அண்மையில் உள்ளது. 1959இல் திறக்கப்பட்டு, 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்த பொதுநூலகமும் இங்கேயே. அந்நூலகத்தின் கதை தனிப் பேச்சொன்றுக்கு உரியது.

இனிக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டனர். பசியும் நோயும் உள்ளிருந்தோரை வருத்த, யூன் மாதத்தில் அது பணிந்தது. முற்றுகைப் படையோடு வந்த பல்தேயு பாதிரியார் பிற்காலத்தில் எழுதி, 1672இல் அச்சான பெருநூலில் அதனை விவரித்துள்ளார். வென்றவர்கள் பழையதை மாற்றி, ஐங்கோணக் கோட்டையாக்கினர். உள்வாயிலிற் காணும் ஆண்டு 1680. வெளியரண்கள் 1792 வரை முடியவில்லை. முடித்து மூன்றாண்டு கழிய, 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது, ஒரு குண்டும் வெடியாமலே கோட்டை கைமாறியது! இத்தனை பணமும் உழைப்பும் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

உழைப்பு யாருடையது? வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பகுதி இதுதான். ஊழியம் என்ற பெயரில், கூலியின்றிக் கும்பனிக்குக் கட்டாய வேலை செய்யும் கடமை நம் மக்கட் பிரிவினர் சிலர்மேற் சுமத்தப்பட்டிருந்தது. கல் சுமந்தவரும் சுண்ணாம்பு சுட்டவரும் இந்த மண்ணினர். கல்லும் இந்த மண்ணின் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே. கொத்தளங்களுக்குச் சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து என்று தங்கள் நாட்டு மாகாணப் பெயர்களை இட்டவர்கள் அவர்கள். ஏற்றி வைத்தவர்கள் பெயரில்லாதவர்கள்.

ஒல்லாந்தரைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. நம் வழக்குகளைக் கேட்டு எழுதி வைத்தவர்களும் அவர்களே. 1707ஆம் ஆண்டில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை, பன்னிரண்டு முதலிமாராற் பரிசோதிக்கப்பட்டுச் சட்டமாயிற்று. யாழ்ப்பாணத் தமிழரின் ஆதனம், சீதனம், முதுசம் பற்றிய வழக்குகளில் இன்றும் அது நிலவுகிறது. தோம்பு என்னும் காணிப் பதிவும் அவர்கள் காலத்தில் விரிவாக எழுதப்பட்டது. இந்தக் கோட்டையின் மதில் நமக்குப் பயன்பட்டதைவிட, அவர்களின் கந்தோர் எழுதிய தாள் அதிகம் பயன்பட்டது எனலாம்.

கோட்டைக்குள் கண்ணைக் கவரவேண்டிய கட்டடம் ஒன்று இல்லை. சிலுவை வடிவில் 1706ஆம் ஆண்டில் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் அது. ஆசியாவிற் கும்பனியார் கட்டியவற்றுள் சிறந்தவை எவையென்று கணக்கெடுத்தோர் அதனை மறந்ததில்லை. நான்கு கைகளும் ஒத்த நீளமாய், நடுவே கூரை உயர்ந்து, நிலமெங்கும் கல்லறைப் பலகைகள் பதித்திருந்தன. போர்த்துக்கேயர் காலத்துப் பழைய மணியொன்றும் அங்கிருந்தது. அதில் அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. இளம் உத்தியோகத்தராய் 1905இல் யாழ்ப்பாணம் வந்து கோட்டை மதிலின்மேல் வீட்டிற் குடியிருந்த லெனாட் வூல்ப், பின்னாளில் தம் வரலாற்றில் இவ்விடத்தை எழுதினார். ஐரோப்பியர் எவரும் தகர்க்காத இத்தேவாலயம் 1990ஆம் ஆண்டில் தகர்ந்தது. கோட்டைக்குள் இராணுவமும் வெளியே விடுதலைப் புலிகளும் நின்ற முற்றுகை, யூன் முதல் செப்டெம்பர் வரை நீடித்தது. பீரங்கிக்காகப் பறங்கியர் விட்ட முற்றவெளி, தன் வேலையை இருநூறு ஆண்டு கழித்து, நம்மவர் காலத்திலேதான் செய்தது.

2010ஆம் ஆண்டளவில், நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைச் சீர்செய்யும் பணி தொடங்கியது. மதில் எழுந்தது, தேவாலயம் கற்குவியலாகவே கிடந்தது. அதனை முன்போலக் கட்டியெழுப்புக என்பாரும், கிடந்தபடி விடுக என்பாரும் உளர். புதிதாகக் கட்டினால் அது 1706இன் கட்டடமாகாது. அதன் படம் மட்டுமே ஆகும். குவியலை ஒழுங்கு செய்து, அடித்தளத்தைக் காட்டி, எழுத்துள்ள கற்களைக் காப்பதே போதும் என்பேன். அந்தப் பணம் பறங்கித் தெருவுக்குச் செல்லட்டும். கோட்டை தொல்பொருட் சட்டத்தின் காவலில் உள்ளது. தெருவோர வீடுகளுக்கோ அத்தகைய காவல் அரிது. ஒவ்வொரு விறாந்தையாக இடிந்து கடைத்தொகுதியாகிறது. இடிப்பவரைக் குறைகூற முடியாது. ஓடு மாற்றுதற்குங் காசில்லாத வீட்டுக்காரர் வேறென்ன செய்வார்? இடிக்குமுன் அளந்து, படம் பிடித்து, வரைந்து வைக்கவாவது யாரேனும் முன்வர வேண்டும். அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தார் கோட்டைக்குள் அகழ்ந்தபோது, போர்த்துக்கேயருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட மட்பாண்டங்களும் கிடைத்தன. ஐரோப்பியர் வெறுங்கரையிற் கோட்டை கோலவில்லை. கப்பல் வந்துபோன பழந்துறையொன்றின் மேலேதான் கோலினர். ஆகவே வழிகாட்டி தன் கதையை 1619இல் தொடங்கவும் முடியாது.

மாலை வெயிலில் மேற்குக் கொத்தளத்தில் ஏறினாற் கடலும் தீவுகளும் தெரியும். ஒல்லாந்தர் தம் தேசப்படத்தில் அத்தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களையே இட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம். வீட்டை நினைந்து ஏங்கிய எழுதுவினைஞன் எவனோ செய்த வேலையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்பெயர்கள் மக்கள் வாயில் ஏறவில்லை. காரைதீவு பின்னர்க் காரைநகராயிற்றேயன்றி அம்ஸ்ரடாம் ஆகவில்லை. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் ஆங்கிலப் படங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குறிகட்டுவானிற் படகேறும் தீவார் இன்றும் அதனை நெடுந்தீவு என்றே சொல்லுகின்றனர்.